பதினேழு வருஷத்துக்கு ஒரு ட்ரை

தன்மேல் ஏழு பேர் கிடப்பதும் வாய் நிறையப் புல் இருப்பதும் உறைத்தபோது, கஸோபோன் தான் செத்துவிட்டதாகவே முடிவுசெய்தான். பிறகு கைதட்டல் கேட்டது. செத்ததற்குக் கைதட்டுகிற அளவுக்கு மோன்லூர்க்காரர்கள் மோசமானவர்கள் இல்லை; மாமனார் ஒருவரைத் தவிர.

வயது முப்பத்தேழு, எடை நூற்றிருபத்தெட்டு கிலோ. இன்று அவனுடைய கடைசி ஆட்டம். பதினேழு வருஷமாக மோன்லூர் ரக்பி அணியின் முன்வரிசையில் நின்றவன். ஸ்கிரம் என்ற பெயரில் எட்டுக்கு எட்டு பேர் கிடாக்களைப்போல முட்டிக்கொள்கிற காரியத்தைச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தவன். மற்றவர்கள் பந்தோடு ஓடிப் பெயர் வாங்குவார்கள். அவர்கள் ஓடுவதற்காக இவன் கழுத்தைச் சுளுக்கிக்கொள்வான். முந்நூற்று நாற்பத்தொரு ஆட்டங்களில், கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்தி ஒரு ட்ரைகூட எடுத்ததில்லை.

"மாப்பிள்ளை, இந்த வாரமாவது உண்டா?" என்று ஞாயிறுதோறும் வாத்துக்கறியை வெட்டிக்கொண்டே மாமனார் கேட்பார்.

"இல்ல மாமா."

"அப்ப அந்த ரொட்டிக்கூடையை இந்தப் பக்கம் தள்ளு. தள்றது ஒண்ணுதானே உனக்குத் தெரியும்."

இன்று மூன்று புள்ளி குறைவாக இருந்த நிலையில், கடைசி நிமிடத்தில், மோன்லூர் ஆட்கள் பந்தை நடுவில் ஒளித்துக்கொண்டு ஒரே கட்டாக நகர்ந்தார்கள். எதிரணியையும் வாரிக்கொண்டு கோட்டைத் தாண்டிச் சரிந்தார்கள். நடுவருக்குப் பந்து தெரியவில்லை. ஊர் போட்ட கூச்சலில் ட்ரை என்று கையை மட்டும் உயர்த்திவிட்டு, வீடியோ அறைக்குப் பேசினார்.

"ட்ரை குடுக்கக் கூடாதுன்னு சொல்ல ஏதாவது காரணம் தெரியுதா?"

பெரிய திரையில் ஊரே பார்த்துக்கொண்டிருந்தது: பதினான்கு பின்புறங்கள்.

"எனக்கு டவுசர்தான் சார் தெரியுது."

குவியலிலிருந்தும் மறுப்பு வரவில்லை. நடுவர் விசிலை ஊதினார்: ட்ரை, ஐந்து புள்ளி, மோன்லூருக்கு வெற்றி.

ஒவ்வொருவராகப் பிரித்தெடுத்ததில் கடைசியாக மிஞ்சியவர்கள் இருவர். ஒருவன் கஸோபோன். இன்னொருவன் எதிரணி முன்வரிசையின் பழம் பெருச்சாளி எச்செபார். குப்புறக் கிடந்த எச்செபாரின் தொப்பைக்கும் கஸோபோனின் மூக்குக்கும் நடுவே பந்து இருந்தது. ஒலிபெருக்கி கஸோபோனின் பெயரைச் சொல்லி அலறியது.

தன் இரண்டு கைகளும் எச்செபாரின் சட்டையைத்தான் பிடித்திருந்தன என்பது கஸோபோனுக்கு மட்டுமே தெரியும். பந்தை அவன் மூக்கால்கூடத் தொடவில்லை.

அதைச் சொல்ல வாய் திறப்பதற்குள் தோளில் தூக்கிவிட்டார்கள். தூக்கிய நாலு பேரில் இரண்டு பேருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஆட்டம் முடிந்த கையோடு, மைதானத்து ஓரக் கூடாரத்தில் இரு அணிக்கும் விருந்து. கிளப் தலைவர் முசியே லபதி மேடையேறினார். உப்பிட்ட பன்றித்தொடை ஹாம் விற்கிற வியாபாரி, இரண்டு ஹாம்களுக்கு நடுவே கவிஞர்.

"அவர் விழுந்த இடத்துல பித்தளைப் பலகை பதிக்கப்போறோம்! கஸோபோன், அந்தக் கணத்துல பந்து உங்க உள்ளங்கையோட என்ன பேசிச்சு?"

"பெருசா ஒண்ணும் பேசிக்கலைங்க" என்றான் கஸோபோன். கூடாரம் கைதட்டியது. எவ்வளவு அடக்கம் பார் என்றார்கள்.

மாமனார் வந்தார். தன் கல்யாணத்துக்கு வாங்கியதில் மிச்சம் என்று இத்தனை நாளும் பூட்டி வைத்திருந்த அர்மன்யாக் பிராந்தி பாட்டில் கையில் இருந்தது. கண் கலங்கியிருந்தது.

"மாப்பிள்ளை, நீங்க... இவ்வளவு நாளா உங்களைத் தப்பா நெனச்சுட்டேன்."

நீங்க! கஸோபோன் பாட்டிலையும் மாமனாரையும் மாறி மாறிப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் நாளைக்கே ரொட்டிக்கூடையைத் தள்ள வேண்டியதுதான். சொல்லாவிட்டால் சொந்த அணிக்காரனின் ட்ரையைத் திருடி, பித்தளையில் பொறித்துக்கொண்டவன் ஆவான். பந்தைச் சுமந்து வந்தவன் திபோ. அவனைக் கூடாரக் கயிற்றோரம் தள்ளிக்கொண்டு போனான்.

"திபோ, அது உன் ட்ரைடா. மைக்குல சொல்லிடறேன்."

"என்னுதா? வெளையாடாதீங்க அண்ணே. விழறப்பவே பந்து கை நழுவிடுச்சு. நீங்கதான் அமுக்கிட்டீங்கன்னு நெனச்சேன்."

"நான் தொடவே இல்ல."

"அப்ப யாரு?"

"உங்கிட்ட இல்ல, எங்கிட்ட இல்லன்னா..."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். தோற்ற அணியின் மேஜையில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. எச்செபார் மட்டும் இரண்டு முட்டியிலும் பனிக்கட்டிப் பையைக் கட்டிக்கொண்டு, மூன்றாவது தட்டு அவரைக்காய்க் குழம்பை வழித்துக்கொண்டிருந்தான். கஸோபோன் அவன் காதருகே குனிந்தான். பதினேழு வருஷமாகப் பழகிய காதுதான்.

"உண்மையைச் சொல்லு. பந்து உங்கிட்டயா இருந்துச்சு?"

"ஆமா. நான்தான் மொதல்ல அமுக்கினேன்."

"அடப்பாவி! நடுவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆட்டம் உங்களுதாச்சே! ஏன்டா வாயத் தெறக்கல?"

எச்செபார் ரொட்டியால் தட்டைத் துடைத்தான். தன் பயிற்சியாளர் பக்கத்தில் இல்லை என்பதை ஒரு முறை பார்த்துக்கொண்டான்.

"சொன்னா, சந்தேகம்னு இன்னொரு ஸ்கிரம் வெச்சிருப்பாருய்யா!"