தோத்தாங்குளி

"ஏலே தோத்தாங்குளி, இன்னைக்காவது ஒரு மூடியத் தொடுவியாலே?"

பிளாரன்ஸ் போட்ட சத்தத்தில் தெருவே சிரித்தது. வீரபாகுவும் சேர்ந்து சிரித்தான்.

ஐம்பத்தைந்து வயசு ஆள். பலசரக்குக் கடை முதலாளி. கல்யாணத்துக்கு நிற்கிற மகள் வேறு. அவனை நடுத்தெருவில் வைத்து இப்படியா கூப்பிடுவது? ஆனால் பிளாரன்ஸ் வாய்க்குப் பூட்டுப் போட அந்தத் தெருவில் இன்னும் ஆள் பிறக்கவில்லை.

காணும் பொங்கலுக்குத் தெருவில் விளையாட்டுப் போட்டி. கோலம், கயிறு இழுப்பு எல்லாம் முடிந்து, ஐம்பது தாண்டியவர்களுக்குக் கலர் மூடி ஆட்டம். சாக்பீஸ் வட்டத்துக்குள்ளே கலர் பாட்டில் மூடி இருபது. கோட்டில் நின்று ஓட்டுச் சில்லை எறியணும். வட்டத்தை விட்டு வெளியே தெறிக்கிற மூடியெல்லாம் எறிந்தவருக்கு. ஆளுக்கு மூன்று எறி.

சின்ன வயசில் இதில் பிளாரன்ஸை அடிக்க ஆள் கிடையாது. அவளிடம் தோற்றுத் தோற்றே வீரபாகுவுக்கு அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. தினமும் பாவாடை மடி நிறைய மூடியோடுதான் வீட்டுக்குப் போவாள். எல்லாம் அவள் அம்மாவுக்கு.

கடலுக்குப் போன அப்பாவின் வள்ளம் திரும்பி வராததால், அம்மா மீன் மார்க்கெட்டில் உட்கார்ந்து மீன் சுத்தம் பண்ணிக் கொடுத்தாள். ஒரு கட்டையில் கலர் மூடிகளை வரிசையாக ஆணி அடித்து, அந்தப் பல்லால்தான் செதிள் உரசுவாள். உப்புத் தண்ணிக்கு மூடி சீக்கிரமே துருப்பிடித்துப் போகும். வாராவாரம் புதுசு மாற்றணும்.

"ஒருத்தர்ட்டயும் கை நீட்டல. எங்க வீட்டு அடுப்பு என் கை எறியிலதான் எரிஞ்சுது!" என்று பிளாரன்ஸ் இன்றைக்கும் மார் தட்டுவாள். சென்னையிலிருந்து வந்திருக்கிற புது மருமகள் ஸ்டெபிக்கே இந்தக் கதை மூன்று தடவை ஆகிவிட்டது. அவள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நின்றாள்.

வீரபாகு பிளாரன்ஸை ஓரமாகக் கூப்பிட்டான்.

"ஏளா, ஒரு பேச்சு. நான் ஜெயிச்சா அந்தப் பேர விட்டுரணும். அடுத்த வாரம் மகளப் பாக்க சாகுபுரத்துலருந்து ஆள் வாராங்க. தெருக்காரனுவ இப்படிக் கூப்பிடுதது அவங்க காதுல விழுந்தா நல்லாவா இருக்கும்?"

"ஜெயிச்சுக் காட்டு, விட்டுருதேன். தோத்தா?"

"தோத்தா, சாகுற வரைக்கும் இருந்துட்டுப் போவுது."

பிளாரன்ஸ் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எறிந்தாள். மூன்று எறியில் பதினொரு மூடி. தெரு விசிலடித்தது.

மறுபடி இருபது மூடியை அடுக்கினார்கள். வீரபாகு எறிந்தான். ஐந்து. அடுத்த எறியில் இன்னும் ஐந்து.

அடேயப்பா! இன்னும் ரெண்டு மூடி தெறித்தால் அவன் ஜெயித்துவிடுவான். மருமகள் முன்னால் மானம் போகப்போகிறதே மாதாவே என்று பிளாரன்ஸ் சிலுவை போட்டுக்கொண்டாள். ஸ்டெபியும் செல்போனைப் பிடித்தபடி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வீரபாகு ஸ்டெபியை ஒரு தடவை பார்த்தான். சில்லை எறிந்தான். அது வட்டத்துப் பக்கமே போகாமல் நேரே சாக்கடையில் போய் விழுந்தது.

"தோத்தாங்குளி! தோத்தாங்குளி!" என்று தெருவே கூப்பாடு போட்டது. ஸ்டெபி ஓடிவந்து மாமியாரைக் கட்டிக்கொண்டாள். பரிசாக ஒரு பிளாஸ்டிக் வாளி.

மைக் செட் இருந்த தெருமுனைக்கு எல்லோரும் போனார்கள். கழற்றிப் போட்ட செருப்பு ஞாபகம் வந்து, பிளாரன்ஸ் மட்டும் வாளியும் கையுமாகத் திரும்பி வந்தாள்.

அங்கே வீரபாகு தனியாக நின்றான். இருபது மூடியையும் வட்டத்தில் அடுக்கியிருந்தான். கோட்டைத் தாண்டிப் பின்னால் பத்து அடி போனான். ஒரே எறி. வட்டத்துக்குள் ஒரு மூடி மிச்சமில்லை.

"ஏலே!"

வீரபாகு திடுக்கிட்டுத் திரும்பினான்.

"இந்தக் கைய வச்சுக்கிட்டா தோத்த?"

"புதுசா வந்த பிள்ள வீடியோ எடுத்துட்டு நிக்கா. அவ முன்னாலயா ஒன்னத் தோக்கடிக்க?"

"அப்ப சின்னதுல? தெனமும் தோத்தியேல!"

அவன் குனிந்து மூடிகளைப் பொறுக்கினான். "விடுளா."

"சொல்லப் போறியா இல்லியா?"

"உங்கம்மா கட்டைக்கு மூடி வேணும்லா. ஒருநா ஒரு பை நிறையக் கொண்டாந்து குடுத்தேன். 'நாங்க என்ன பிச்சையா எடுக்கோம்'னு மூஞ்சியில விட்டெறிஞ்சிட்ட. பெறவு என்ன செய்ய? நாங்க நாலு பயலுவளும் முறை வச்சுத் தோக்கதுன்னு பேசிக்கிட்டோம். ரெண்டாம் நாளே மத்தவனுவளுக்கு ரோசம் வந்துட்டு. அவனுவ முறையையும் நானே பாத்துக்கிட்டேன்."

எத்தனை வருசம், எத்தனை பேர் முன்னால் அவனை அந்தப் பேர் சொல்லிச் சிரித்திருக்கிறாள்! பிளாரன்ஸை வெட்கம் பிடுங்கித் தின்றது. அழுகையும் வந்தது.

தெருமுனையில் மைக் அலறியது. "ஏலே தோத்தாங்குளி, ஆறுதல் பரிசு இருக்கு, சீக்கிரம் வாலே!"

வாளியை வீரபாகு கையில் திணித்துவிட்டுப் பிளாரன்ஸ் விறுவிறுவென்று நடந்தாள். மைக்கைப் பிடுங்கினாள். ஸ்டெபியின் செல்போன் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"கூப்பிட்டிய, வந்துட்டேன். எங்க ஆறுதல் பரிசு? இன்னையிலருந்து இந்தத் தெருவுல அந்தப் பேரு எனக்குத்தான்!"