பண்டாராயா மீன்

ஞாயிற்றுக்கிழமை வராமல் போனாலும் போகும், குருண் தோட்டத்து ஆற்றுக்குச் சசிதரன் வலையோடு வருவது தவறாது. கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கும் பண்டாராயா மீன்கள்தான் இப்போது ஆறு முழுக்க. ஒவ்வொன்றாகப் பிடித்துக் கட்டையால் அடித்துக் கொன்றார்.

"நம்ம ஆத்து ஹாருவான் விரால் ஒண்ணுகூட மிஞ்சல லா, தம்பி, முட்டையெல்லாம் இதுங்க தின்னுடுதுங்க," என்றார் தூண்டிலோடு வந்த வால்டர். "இந்தச் சனியன எவன் ஆத்துல விட்டானோ, அவன் வெளங்கவே மாட்டான்."

"அவன் வெளங்கலதான் அண்ணே," என்றார் சசிதரன். "நான்தான் விட்டேன். எம்மவ சாந்தினி கருமாதி அன்னிக்கு. அவ ஆசையா வளர்த்த ஜோடி. கொல்ல மனசு வரல. அவ சாம்பலக் கரைச்ச எடத்துலயே விட்டுட்டேன்."

வலையில் இன்னொன்று துள்ளியது. மகள் அந்த ஜோடியில் ஒன்றுக்கு வைத்திருந்த பெயரைச் சொல்லி அதை ஒருமுறை மெல்லக் கூப்பிட்டுவிட்டு, சசிதரன் கட்டையை ஓங்கினார்.