அமுக்கிய பொத்தான்

மருமகன் கொடுத்த கை வயர்லெஸை நான் நம்பியதில்லை. பொத்தானை அமுக்கினால் நாம் பேசலாம். விட்டால்தான் அடுத்தவர் பேசுவது கேட்கும். எனக்கு விரலை எடுக்க மறந்துவிடும்.

அன்று காலை கடலில் மூடுபனி, படகில் நான் மட்டும். "பாறை எங்கன்னே தெரியலப்பா" என்றேன் வயர்லெஸில்.

"இடப்பக்கம் திருப்புடா" என்றது வயர்லெஸ்.

என்னை 'டா' போட இப்போது உயிரோடு ஆளில்லை. எந்தத் திமிர் பிடித்தவனோ என்று படகைத் திருப்பினேன். பாறை கைக்கெட்டும் தூரத்தில் விலகிப் போயிற்று.

கரையில் மருமகன் ஓடிவந்தான்.

"மாமா, ஒரு மணி நேரமா பொத்தான்லேர்ந்து கையே எடுக்கலையே! நாங்க கத்தினது ஒண்ணும் உங்களுக்குக் கேட்டிருக்காது."

"அப்ப வழி சொன்னது எவன்?"

"யாரு? நீங்க பேசினது மட்டும்தான் எங்களுக்குக் கேட்டுது."

வயர்லெஸை இன்றும் நம்பவில்லை. ஆனால் பனி இறங்கினால் பொத்தானை விடுவதில்லை.