செவ்வாய்க்கிழமை மெயில்

“வாங்க வாங்கன்னு எழுதிட்டு, ஸ்டேஷனுக்குக்கூட வரல. பொய் சொல்லி ஏமாத்திட்டாங்க!”

தாம்பரம் ஸ்டேஷன் வாசலில், பட்டப்பகலில், தமிழில் கத்திய வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்து ஆட்டோ ஸ்டாண்டே அசந்துபோனது.

ஹில்டாவுக்கு ஊர் ஜெர்மனி. பதினாறு வயதிலேயே சந்தையில் பழைய சாமான் கடை போட்டு, பேரம் பேசிப் பிழைத்தவள். அவளுடைய தமிழ் புத்தகம் பாதி, சேலையூர் காந்திமதி மெயிலில் சொல்லிக்கொடுத்தது பாதி. மூன்று வருடப் பழக்கம், முகம் பார்த்ததில்லை. இந்தியாவுக்கு இதுதான் முதல் தடவை. அதுவும் தன்னந்தனியாக.

அவள் நீட்டிய விலாசத்தைப் படித்த ஆட்டோக்காரர் ரத்தினத்தின் முகம் மாறியது.

“இந்த வூட்டுக்கா? இன்னிக்கி வேணாம்மா. நல்ல லாட்ஜா பாத்து இட்டுகினு போறேன்.”

ஹில்டா மனசுக்குள் சிரித்தாள். ‘நீங்கள் போகிற இடம் சரியில்லை என்பார்கள், நம்பாதீர்கள்’ என்று வழிகாட்டிப் புத்தகத்திலேயே போட்டிருந்தான்.

“லாட்ஜ்ல உங்களுக்குக் கமிஷன் எவ்வளவு, அண்ணா?”

“இன்னாது?”

“நானும் வியாபாரிதான். வண்டியை எடுங்க.”

ரத்தினம் வாயைத் திறந்தார். என்ன நினைத்தாரோ, வண்டியைக் கிளப்பினார்.

கேம்ப் ரோடில் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. தெருவுக்குள் திரும்பியதும் சத்தம் அறுந்து விழுந்தது. வழியெல்லாம் சாமந்தியும் ரோஜாவும் நசுங்கிக் காய்ந்து கிடந்தன. ஏதோ கல்யாணம் போல என்று நினைத்துக்கொண்டாள்.

ரத்தினம் பெட்டியை கேட்டுக்கு வெளியிலேயே இறக்கி வைத்தார். கேட்டைத் தொடவே இல்லை.

கதவு அகலத் திறந்திருந்தது. ஹாலில் ஒரு நாற்காலி இல்லை. கழுவிவிட்ட தரையில் இன்னும் ஈரம். சுவரோரமாக மொட்டைத் தலையுடன் ஓர் ஆள், பக்கத்தில் ஒரு பெண். இருவரும் அவளை நிமிர்ந்து பார்த்தார்கள்.

‘வாங்க’ என்று ஒரு வார்த்தை வரவில்லை.

“காந்திமதி இருக்காங்களா?”

அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டான். அந்தப் பெண் எழுந்து உள்ளறையைக் காட்டினாள். புதுசாய் வெள்ளையடித்த வாசனை. புதுக் கட்டில், புதுத் தலையணை. கதவில் ஒட்டிய காகிதத்தில் கொட்டை எழுத்தில் ‘ஹில்டா அறை’.

அறை காத்திருக்கிறது. கூப்பிட்டவளைக் காணோம்.

ஜன்னல் வழியே பார்த்தாள். பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலே ஒரு கை மட்டும் நீண்டது. அந்தக் கையில் டிபன் கேரியர். இந்த வீட்டுப் பெண் வாங்கிக்கொண்டாள். இரண்டு பக்கமும் பேச்சில்லை. சமையலறை அடுப்போ பற்றவைத்த சுவடே இல்லாமல் கிடந்தது.

அந்தச் சாப்பாட்டை ஹில்டா சாப்பிட்டு முடிக்கிறவரை அந்தப் பெண் அறை வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காந்திமதி எப்போ வருவாங்க?”

அந்தப் பெண் திரும்பி ஹாலில் இருந்த ஆளைப் பார்த்தாள்.

ஹில்டாவுக்கு ஜிவ்வென்று ஏறியது. “சரி. நான் வந்தது பிடிக்கல. புரிஞ்சுது!”

பெட்டியைத் தூக்கினாள். ஆத்திரத்திலும் கற்றுக்கொண்ட மரியாதை போகவில்லை. “போயிட்டு வரேன்.”

அந்த ஆள் பதறி எழுந்தான். “ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க!”

“ஏன், நான் திரும்பி வரவும் கூடாதா?”

“இது சாவு வீடுங்க. இங்க ‘வாங்க’ன்னும் சொல்லக் கூடாது, ‘போயிட்டு வரேன்’னும் சொல்லக் கூடாது. சாவைத் திரும்பக் கூப்பிட்ட மாதிரி ஆயிடும்.” அவன் குரல் உடைந்தது. “நான் சுகுமார், அவங்க பையன். அம்மா செவ்வாய்க்கிழமை காலையில போயிட்டாங்க. ஹார்ட் அட்டாக். நீங்க சாப்பிட்டதும் சொல்லலாம்னு இருந்தோம். கேட்டா ஒரு வாய் இறங்காதே.”

ஹில்டா பையைத் துழாவி ஒரு காகிதத்தை எடுத்தாள்.

“அப்போ இது? செவ்வாய்க்கிழமை உங்க நேரம் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்த மெயில். ‘உங்க அறை ரெடி, கண்டிப்பா வாங்க. காந்திமதி.’ இதை யார் எழுதினது?”

சுகுமார் வெளிறிப்போனான். “ஆறு மணிக்கு அம்மாவைச் சுடுகாட்டுல... நான் அங்கதானே இருந்தேன்.”



“நான்தான் எழுதினேன்.”

அதுவரை வாய் திறக்காத அந்தப் பெண், சுகுமாரின் மனைவி சத்யப்ரியா.

“ஆம்பளைங்க எல்லாரும் சுடுகாட்டுக்குப் போனதும் கேம்ப் ரோடு பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். அத்தை சொல்லச் சொல்ல மெயில் தட்டுறதே நான்தானே.”

“சாவு விழுந்த அன்னிக்கு செத்தவங்க பேர்ல விளையாட்டா?” சுகுமார் சீறினான்.

“இல்லீங்க. செத்துட்டாங்கன்னு எழுதத்தான் போனேன். கை வரல. ஆறு மாசமா அத்தை அந்த அறையைப் பாத்துப் பாத்துப் பண்ணினாங்க. இவங்க மூணு வருஷமா காசு சேர்த்து டிக்கெட் எடுத்திருக்காங்க. கடைசியா அத்தை பேசினதே, ‘ஹில்டாவுக்குக் காரம் குறைச்சுப் போடு’ன்னுதான். சாவு வீட்டுல வாயால கூப்பிடக் கூடாதுன்னு பெரியவங்க சொன்னாங்க. எழுதக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே.”

ஹில்டா பெட்டியைக் கீழே வைத்தாள். ஈரத்தரை என்றும் பார்க்காமல் சத்யப்ரியா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எத்தனை நாள் கூப்பிடக் கூடாது?”

“பதினாறு.”

“குறைக்க மாட்டீங்களா?”

கண்ணீரோடு சத்யப்ரியா இல்லையென்று தலையாட்டினாள்.

“அப்போ கேளுங்க. இன்னொருத்தர் பேர்ல பொய் எழுதினது தப்புதான். அதை நீங்கதான் சரி பண்ணணும். பதினாறு முடியிற வரைக்கும் இங்கேயே இருப்பேன். பதினேழாம் நாள் காலையில பெட்டியோட தெருவுல போய் நிப்பேன். வெளிய வந்து, உங்க சொந்த வாயால, என்னை ‘வாங்க’ன்னு கூப்பிட்டுடணும்!”