மஞ்சள் கால்

என் கடைசி மகள் பிறந்த ஐப்பசி மழையில், பத்தியச் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா சொன்ன கதை இது.

அந்தக் காலத்தில் வீட்டுக்கோழிகளுக்கெல்லாம் வெள்ளைக் கால்தான். செவலைக் கோழி பொரித்த ஒரு குஞ்சுக்கு மட்டும் மஞ்சள் கால்.

"மலையிலிருந்து வந்து போன காட்டுச் சேவலோட காமாலைக் கால். கொத்தி விரட்டுங்கடி," என்றது பெரிய கோழி.

செவலை குஞ்சை இறக்கைக்குள் இழுத்துக்கொண்டது. "சாமி கொடுத்த பிள்ளை, அக்கா. முதல்ல என்னைக் கொத்துங்க."

குஞ்சு பிழைத்துச் சேவலானது. காலம் போக, பெரிய கோழியின் பேரக்குஞ்சுகளும் மஞ்சள் காலோடு பொரிந்தன.

"பார்த்தியாடி, எங்க வம்சத்துத் தங்கக் கால்," என்று பூரித்தது பெரிய கோழி.

செவலையோ, மலையில் அந்தக் காட்டுச் சேவலின் பழைய குரல் கேட்கிறதா என்று காது கொடுத்து நின்றது.

கோழிக்கு அரிசி இறைக்கும்போது, மலைப்பக்கமும் ஒரு பிடி போட்டுவிடு, தாயி.