எலுமிச்சை கேட்ட கேள்வி

அதுவரை ஆட்டோமேட்டிக் காரே ஓட்டிப் பழகிய இளம்பரிதி, கிளட்ச் மிதித்துக் கியர் போடுகிற ஸ்போர்ட்ஸ் கார் வாங்க ஷோரூமுக்கு வந்தான். பூஜைக்கென்று அவன் சட்டைப்பையில் கொண்டுவந்த எலுமிச்சம்பழத்துக்கு, ஏற்கெனவே புளித்த வயிற்றில் இன்னும் புளியைக் கரைத்தது. எந்தக் காரை வாங்கினாலும் சக்கரத்தடியில் நசுங்கப்போவது அதுதானே!

பையிலிருந்து எட்டிப் பார்த்து, "அண்ணே, நீங்க எப்படிக் கிளம்புவீங்க?" என்று சிவப்புக் காரைக் கேட்டது.

"நமக்கு டர்போ கிடையாது தம்பி. வேண்டிய காத்தை நானே இழுத்துக்குவேன். மிதிச்ச மிதியிலயே பாய்ச்சல்தான்! வேகம் ஏற ஏற பாட்டு வேற!"

எலுமிச்சைக்கு வேர்த்துக் கொட்டியது. நீலக் காரைப் பார்த்தது.

"நமக்கு டர்போ. மிதிச்சதும் கொஞ்சம் மூச்சு வாங்குவேன். அப்புறம் காத்தை அடைச்சு ஊதிட்டா, பிச்சுக்கிட்டுப் போவேன்!"

மூச்சு வாங்குகிற நேரத்தில் உருண்டு தப்பிக்கலாமே! "நீலம் சார், நீலம்!" என்று எலுமிச்சை பைக்குள் குதியாய்க் குதித்தது.

இளம்பரிதி சிவப்பை வாங்கினான்.

வாசல் சரிவின் உச்சியில் காரை நிறுத்தி, முன்சக்கரத்தடியில் பழத்தை வைத்தார்கள். கற்பூரம் எரிந்தது. எஞ்சின் பாட ஆரம்பித்தது. எலுமிச்சை கண்ணை இறுக மூடிக்கொண்டது. இளம்பரிதி கிளட்ச்சைச் சட்டென்று விட்டான். கார் ஒரு குலுங்கு குலுங்கி, எலுமிச்சையை லேசாக இடித்துவிட்டு, பாதிப் பாட்டில் அணைந்துபோனது.

எலுமிச்சை சரிவில் உருண்டது. உருண்டு, துள்ளி, தெருவுக்கு வந்து ஒரு ஸ்கூட்டரையே முந்தியது.

"அண்ணே!" என்று திரும்பிக் கத்தியது. "நமக்கு எஞ்சினே கிடையாது!"