காயலான் கடை ஊர்வலம்

இதோ, இப்போது நின்றுவிடும். அரிசி மண்டி முக்கைத் தாண்டாது என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் தனகோடி. மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தில், திறந்த காரின் முன்சீட்டில், தாய்மாமன் என்கிற ஜபர்தஸ்தோடு.

பக்கத்தில் பெண்ணின் அப்பா வீரபாகு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். மாப்பிள்ளை பின்னால், மடக்கிய கித்தான் கூரைமேல், மாலையும் கழுத்துமாக உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். பயலுக்கு வெட்கமாம், வெட்கம்.

வெள்ளைக்காரன் காலத்து எம்.ஜி. கார் அது. இரண்டே சீட்டு. ஏற்காட்டு எஸ்டேட் துரை ஒருத்தர் கைவிட்டுப் போனதை வீரபாகு வாங்கிவந்து ஆறு வருஷமாகிறது. இரண்டு பட்டுத்தறி போடவேண்டிய இடத்தில் அதை நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமையானால் அதன் அடியில் மல்லாந்துவிடுவார். உப்புத்தாளால் துருவைத் தேய்த்தார். இற்றுப்போன மரச்சட்டத்தைத் தறி செய்கிற ஆசாரியை வைத்து மாற்றினார். குரோமியத்துக்கு விபூதி போட்டு மெருகேற்றினார்.

சேலை நெய்கிற கைக்கு ஸ்பேனர் ஒரு கேடா? சொந்தமாக அம்பாசடர் வைத்திருக்கிற பட்டு வியாபாரி தனகோடிக்கு நினைத்தாலே சிரிப்பு வரும்.

இந்தச் சம்பந்தமே அவருக்கு ஆகவில்லை. முறைப்பெண்ணாகத் தம் மகள் குத்துக்கல்லாட்டம் இருக்க, தங்கை அபிதகுசாம்பாள், அந்த வாயில்லாப் பூச்சி, மகன் ஆசைப்பட்டான் என்று வீரபாகு வீட்டில் தாம்பூலம் மாற்றிவிட்டாள். கல்யாணத்தை நிறுத்த ஒரு சாக்கு வேண்டும். திறந்த காரில்தான் மாப்பிள்ளை அழைப்பு என்று தனகோடி ஒற்றைக்காலில் நின்றார். வேலூரில் வாடகைக்குக் கிடைக்கிற ஒரே திறந்த காரை, அந்தத் தேதிக்குத் தாமே அட்வான்ஸ் கொடுத்து மடக்கியும் போட்டார்.

"அப்போ நம்ம வண்டியையே எடுத்துடறேங்க, சம்மந்தி" என்றார் வீரபாகு.

"தாலி ஏறட்டும், அப்புறம் சம்மந்தின்னு கூப்டு. அந்தக் காயலான் கடை சரக்கு நடுவழியில நின்னுச்சுன்னா அபசகுனம். அப்படியே திரும்பிகினு வூட்டுக்குப் போயினே இருப்போம். இன்னா அபிதா?"

அண்ணன் பேச்சைத் தட்டி அறியாத அபிதகுசாம்பாள் தலையாட்டினாள்.

அழைப்பன்று சாயங்காலம் பிள்ளையார் கோயில் வாசலில் பார்த்தால், வண்டி குங்குமச் சிவப்பில் பளபளத்தது. ஹெட்லைட் எரிந்தது. ஹாரன் அலறியது. பானெட் முழுக்க மல்லிகைச் சரம். முன்பக்கம் மட்டும் லேசாக எழும்பி நின்றது. வக்கில்லாதவன் வண்டிக்கு இவ்வளவு திமிரா, மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறதே என்று எல்லாருக்கும் கேட்கும்படி நக்கலடித்துவிட்டுத்தான் தனகோடி ஏறி உட்கார்ந்தார்.

ஊர்வலம் ஆமை வேகத்தில் நகர்ந்தது. பேண்டு செட்டும் மேளமும் வெடியும் சேர்ந்து காதைக் கிழித்தன. இன்ஜின் இருமுகிறதா, விக்குகிறதா என்று கேட்க விட்டால்தானே! ஒருதரம் திரும்பிப் பார்த்தார். வீரபாகுவின் தறிக்காரர்கள் வண்டியை ஒட்டிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க வந்துகொண்டிருந்தார்கள். தண்ணி போட்டிருப்பான்கள், தரித்திரம் பிடித்தவன்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மண்டி முக்கு தாண்டியது. போகட்டும், சத்திரத்துக்கு முன்னால் பாலத்து மேடு இருக்கிறது. அவருடைய அம்பாசடரே அங்கே முக்கி முனகித்தான் ஏறும்.

மேட்டின் பாதியில் வண்டி தயங்கியது. வீரபாகுவின் முகம் வெளுத்துவிட்டது. மகள் கல்யாணம் அந்த நாலு முழத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நின்றது, ஒழிந்தது என்று தனகோடி துண்டை உதறித் தோளில் போட்டு எழப்போனார்.

அவர் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி வளையல்கள் கலகலத்தன. பொம்பளைகள் ஆரத்தித் தட்டோடு நெருங்கிவிட்டார்கள் போலிருக்கிறது. வண்டி ஒரு மூச்சுப் பிடித்து மேடேறி, அந்தப் பக்கம் வழுக்கிக்கொண்டு இறங்கி, சத்திரத்து வாசலில் போய்த்தான் நின்றது.

மறுநாள் காலை கெட்டிமேளம் கொட்டித் தாலி ஏறியது. பந்தி முடிந்து வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே வீரபாகுவைக் கூப்பிட்டார் தனகோடி. வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

"ஒண்ணு ஒத்துக்கறேன்யா. என் அம்பாசடர் அந்த மேட்டுல குலுக்கற குலுக்குல எலும்பு கழண்டுடும். இது ஒரு ஆட்டம் ஆடல. எஞ்சின இன்னாதான் பண்ணே?"

"எஞ்சின் தறிக்கொட்டாயில சாக்கு மேல கெடக்குதுங்க, சம்மந்தி" என்றார் வீரபாகு அடக்கமாக. "பம்பாயிலேர்ந்து பிஸ்டன் வரணும். நேத்து நம்ம தறிக்காரங்கதான் தள்ளிகினு வந்தாங்க."

தனகோடிக்கு வெற்றிலை புரையேறியது. சத்திரமே திரும்பிப் பார்க்கும்படி தங்கையைக் கூப்பிட்டார். வண்டி ஓடவேயில்லை, பிராடு பண்ணிவிட்டான், நம்மைக் கேணையனாக்கிவிட்டான், இவனை நாலு வார்த்தை கேள் என்று குதித்தார்.

அபிதகுசாம்பாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"பாலத்து மேட்டுல நானும்தான்ணா ஒரு கை குடுத்தேன்."